கால் ரூபாய் எடை

பம்பாயில் செம்பூரில் தலைமுறை வளர்ச்சி அளவைக் கழகம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். அதைத் தேடிக்கொண்டு இன்னொரு தடவை அந்தப் பக்கம் போகிற தெம்பு எனக்கு இல்லை.

கழகத்தின் வேலை எளிமையானது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மாதாமாதம் நிறுப்பார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு அந்தப் பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டு, அவன் சிறுவயதில் எவ்வளவு எடை இருந்தான், அவனுக்கு ரத்தம் எப்படி ஓடியது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். இதிலிருந்து அதைக் கழித்து, தலைமுறை வளர்ந்திருக்கிறதா என்று டெல்லிக்குச் சொல்வார்கள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு. தாராவியில் ஜனங்கள் ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் எடை கூடியிருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் டெல்லிக்கு மிகவும் ஆறுதலாக இருக்கும் என்று கழகத்துக்குத் தெரிந்திருந்தது.

காசிம் தாராவியில் தோல் பெட்டி தைக்கும் ஒரு சின்னப் பட்டறையை வீட்டோடு சேர்த்து வைத்திருந்தான். சொந்த ஊர் மேலப்பாளையம். அவனுடைய மகள் ராபியா நகரசபைத் தமிழ்ப் பள்ளியில் நான்காவது படித்தாள். அந்த வருஷம் மழைக்காலத்தில் அவள் கால் முழுக்கச் சிரங்கு வந்து ஆறியது. ஆறிய கொஞ்ச நாளில் காலையில் எழுந்திருக்கும்போது முகம் ஊதியிருந்தது. தலைவலி என்றாள். அவளுக்கு ஒன்றுக்குப் போவது சாயா நிறத்தில் இருப்பதை அவள் அம்மா சைனப் பார்த்துவிட்டு, "இது நல்லதுக்கு இல்லங்க, டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். எந்த டாக்டரிடம் போவது என்று காசிம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பிள்ளைகளைத் தகப்பன்மார் செம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கழகத்தின் அட்டை இல்லாத பிள்ளைக்கு வகுப்பில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனது.

காசிமுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆஸ்பத்திரியைத் தேடிக்கொண்டு ஜனங்கள் போவதைப் பார்த்திருக்கிறான். ஆஸ்பத்திரி ஜனங்களைத் தேடி ஆள் அனுப்புவதை அன்றுதான் பார்த்தான்.

கழகத்தில் எல்லாரும் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார்கள். தராசு இருந்தது, கட்டில் இருந்தது, டெட்டால் வாசனையும் இருந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? காசிம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றான்.

தகப்பன்மார் பகுதிக்குப் பொறுப்பு பஞ்சாபகேசன் என்ற குமாஸ்தா. பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவில் குடியிருந்தார். படிவத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது கழகத்தின் முதல் விதி. ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்ட ஒரு குமாஸ்தாவை ஸ்டோர் ரூமுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் அங்கே உடைந்த தராசுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். அவர் இருமுவது சுவருக்கு இந்தப் பக்கம் பஞ்சாபகேசனுக்குக் கேட்கும்.

"சின்னப் பிராயத்துல உங்க எடை எவ்வளவு, பாய்?"

"எம் மகளுக்குத்தான் சார் சொகமில்ல. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அது இருக்கட்டும். உங்க எடை சொல்லுங்கோ."

மற்றத் தகப்பன்மார் இதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தார்கள். ஒல்லியா இருந்தேன் என்றார் ஒருவர். வஞ்சகமில்லாமல் தின்பேன் என்றார் இன்னொருவர். காசிம் டாக்டரிடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று நினைக்கிறவன். யோசித்துப் பார்த்து, "ஏழாம் நாளு நிறுத்தாவளாம் சார். எங்க உம்மா சொல்லுவாவ" என்றான்.

"நிறுத்தாளா? எதுக்குச் சமமா?"

"வெள்ளிக்கு."

பஞ்சாபகேசன் முகம் மலர்ந்தது. அவரைச் சின்ன வயதில் குருவாயூரில் துலாபாரத் தட்டில் உட்காரவைத்து நிறுத்திருக்கிறார்கள். "எங்களில் கதலிப்பழமாக்கும். உங்களில் வெள்ளியா? கொடுத்து வச்சவர்தான். எவ்வளவு ஆச்சு?"

"கால் ரூவா எடை இருந்துச்சாம்."

பேனா நின்றது. முஸ்லிம் வீடுகளில் பிறந்த ஏழாம் நாள் பிள்ளைக்கு மொட்டையடித்து, அந்த முடியின் எடைக்கு வெள்ளி தானம் கொடுப்பார்கள். நிறுப்பது முடியைத்தான். இது பஞ்சாபகேசனுக்குத் தெரியாது. ஏழாம் நாள் நிறுப்பதென்றால் வேறு எதை நிறுப்பார்கள் என்பது காசிமுக்குத் தோன்றவே இல்லை. பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஸ்டோர் ரூமில் இருமல் கேட்டது. கால் ரூபாய் வெள்ளிக்காசு மூன்று கிராம் என்று கணக்குப் போட்டுப் பஞ்சாபகேசன் எழுதிவிட்டார்.

"சின்னப் பிராயத்துல ரத்தக் கொதிப்பு உண்டா?"

"எனக்கா? கோவமே வராது சார். யாரு அடிச்சாலும் பேசாம இருப்பேன்."

ரத்தக் கொதிப்பு பூஜ்யம் என்று எழுதினார்.

அதற்குப் பிறகு ராபியாவை நிறுத்தார்கள், பட்டையைச் சுற்றினார்கள், எண்களை உரக்கக் கத்தினார்கள், பஞ்சாபகேசன் எழுதிக்கொண்டார். வெள்ளைக் கோட்டுக்காரர் அடுத்த மாதம் வரச் சொல்லி, "அக்லே மஹினே ஆனா" என்றார். மருந்து எங்கே வாங்குவது என்று காசிம் கேட்டான். "ஆகே சலோ" என்றார். முன்னால் போனால் வாசல் வந்துவிட்டது.

மறுமாதம் ராபியா இரண்டு கிலோ கூடியிருந்தாள். வெள்ளைக் கோட்டுக்காரர் தராசைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தார். பிறகு உள்ளே ஓடினார். காசிமையும் ராபியாவையும் கழகத்தின் இயக்குநர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் டாக்டர் பிரம்மநாயகம் என்று பலகை இருந்தது. காசிமுக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு மாதமாகத் தேடிய ஆள் கிடைத்துவிட்டார்.

டாக்டர் பிரம்மநாயகத்தின் மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு வரைபடம். அதில் ஒரு சிவப்புக் கோடு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"நீரு எந்த ஊருவே?"

"மேலப்பாளையம் சார்."

"நான் பாளையங்கோட்டை. ஒரே ஆத்துத் தண்ணி." இயக்குநர் எழுந்து வந்து ராபியாவைச் சுற்றி ஒரு முறை நடந்தார். தொடவில்லை. "மூணு கிராம் தகப்பனுக்கு இருபத்தேழு கிலோ மகள். பல ஆயிரம் மடங்குவே. சீமையில படிக்கிற காலத்துலகூட நான் இப்படி ஒரு வளர்ச்சியக் கண்டதில்ல."

"டாக்டர் சார், காலையில முகம் ஊதுது. தல வலிக்குங்கா. ஒண்ணுக்கு சாயா மாதிரிப் போவுது. ஒரு மருந்து எழுதிக் குடுத்தியன்னா..."

"அந்த டாக்டர் இல்லவே நான். ஒரு ஆளப் பாக்குறது என் வேலை இல்ல. மொத்தத்தையும் பாக்குற டாக்டர் நான். புள்ளியியல். ஒரு ஆளைக் கவனிச்சா மொத்தம் கெட்டுப்போவும்."

காசிமுக்குப் புள்ளியியல் என்ற சொல் புதிது. ஆனால் மொத்தம் என்பது புரிந்தது. கம்பவுண்டருக்கு மேலே டாக்டர், டாக்டருக்கு மேலே பெரிய டாக்டர், பெரிய டாக்டருக்கும் மேலே மொத்தத்துக்கும் டாக்டர் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டான். இப்பேர்ப்பட்டவர் கண்ணில் மகள் பட்டதே போதும் என்று இருந்தது அவனுக்கு.

"ஒண்ணு சொல்லுதேன், மறந்துராதேயும்" என்றார் இயக்குநர். "வெளிய எங்கயும் மருந்து வாங்கிக் குடுத்துராதேயும். வீட்டு மருந்துகூட ஆகாது. மருந்து உள்ள போனா அந்தக் கோடு வளைஞ்சிரும்."

கோடு என்பது மகளின் உடம்பில் ஏதோ நரம்பு என்று காசிம் நினைத்தான். அன்றே போய், சைனப் கொதிக்கவைத்திருந்த சுக்குக் கஷாயத்தை வாசலில் ஊற்றினான். சைனப் சத்தம் போட்டாள். "பெரிய டாக்டரு சொல்லிருக்காரு, உனக்கு என்ன தெரியும்" என்று அவன் அவளை அடக்கினான். அந்த ஒரு பேச்சுக்காகப் பிற்பாடு அவன் ரொம்பக் கஷ்டப்பட்டான்.

இயக்குநர் அறையிலிருந்து உத்தரவு பறந்தது. மற்றத் தகப்பன்மார் சொன்னதெல்லாம் ஞாபகத்திலிருந்து சொன்னது, காசிம் ஒருவன் எடைதான் தராசில் நிறுத்த எடை, ஆகவே முந்தைய தலைமுறை முழுமைக்கும் இனி அதுவே சராசரி என்று கழகம் தீர்மானித்தது. மூன்று கிராம் எடையில் ஒரு பிள்ளை பிறக்குமா என்று கணக்குப் பகுதியில் ஒருவர் கேட்டாராம். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று அவரைத் திருப்பிக் கேட்டார்கள். நிரம்பியிருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது மாதம் ராபியா இன்னும் கூடினாள். கண் பாதிதான் திறந்தது. பஸ்ஸில் ஏறக் கால் தூக்க முடியாமல் காசிம் அவளைச் சுமந்துகொண்டு போனான். கனத்தாள். கனத்தது அவனுக்குச் சந்தோஷமாக இல்லை, ஆனால் தராசு முள் நகரும்போதெல்லாம் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். அத்தனை படித்தவர்கள் கை தட்டும்போது தான் மட்டும் பயப்படுவது தன்னுடைய அறியாமை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மாட்டுங்காவில் ஒரு சபா மண்டபத்தில் விழா வைத்தார்கள். தலைமுறைச் செல்வம் என்று பட்டம், ஒரு கோப்பை, மாலை. சைனப் புதுக் கவுன் தைத்திருந்தாள். அளவெடுத்தது போன வாரம். இன்றைக்கு முதுகில் பொத்தான் எட்டவில்லை. ராபியாவை மேடையில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாலைத் தட்டை வைத்துக்கொண்டு பஞ்சாபகேசன் ஓரமாக நின்றார்.

டாக்டர் பிரம்மநாயகம் மேடைத் தமிழில் பேசினார்.

"பெரியோர்களே, முந்தைய தலைமுறையின் சராசரி எடை மூன்று கிராம். நம்மை ஆண்ட அந்நியர் நம்மை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்று இந்தக் குழந்தையைப் பாருங்கள். நாட்டில் பசி இருப்பதாகச் சிலர் பேசுகிறார்கள். பசித்த பிள்ளைக்குக் கன்னம் இப்படி ஊதுமா? முந்தைய தலைமுறையின் ரத்தக் கொதிப்பு பூஜ்யம். அவர்கள் ரத்தம் ஆறிக் கிடந்தது. இவளுடைய ரத்தமோ நூற்றைம்பதில் கொதிக்கிறது. இளம் ரத்தம் கொதிக்காவிட்டால் எல்லையைக் காப்பது யார்?"

கைதட்டல் அடங்கும்வரை தண்ணீர் குடித்தார்.

"இந்தப் பணியில் நான் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு குழந்தையைக்கூட நான் தொட்டதில்லை. தொட்டால் பாசம் வரும். பாசம் வந்தால் கணக்கில் பிழை வரும். என் சொந்த மகன் எத்தனையாவது வகுப்பு என்பதுகூட எனக்குத் தெரியாது. அத்தனை தூரம் நான் பிழைக்கு இடம் கொடாதவன்."

ராபியாவின் கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நாற்காலி சரிந்தது.

"மேடைக் கூச்சம்" என்றார் இயக்குநர். "யாரும் எழுந்திருக்க வேண்டாம். வாழ்த்துரை ஒன்று பாக்கியிருக்கிறது."

காசிம் மேடையில் ஏறி மகளை வாரித் தூக்கினான். படியில் இறங்கும்போது அவனுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. "நம்ம ஆஸ்பத்திரி இங்கிருந்து எந்தப் பக்கம் சார்? செம்பூருக்கு டாக்சி வருமா?" என்று பஞ்சாபகேசனைக் கேட்டான்.

பஞ்சாபகேசன் தட்டைக் கீழே வைத்தார். மேடையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "பாய், அது ஆஸ்பத்திரி இல்லையாக்கும்" என்றார் தாழ்ந்த குரலில். "அங்க ஒரு டாக்டர்கூடக் கிடையாது. நேரா பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துண்டு போங்கோ. இப்பவே போங்கோ."

பெரியாஸ்பத்திரியில் ராபியாவைக் கட்டிலில் போட்டார்கள். ஊசி போட்டார்கள். சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கிறது, அதனால்தான் எடை, அதனால்தான் அழுத்தம் என்றார் அங்கிருந்த சின்ன வயது டாக்டர். உப்பை நிறுத்தச் சொன்னார். இத்தனை நாள் யாரிடமும் காட்டவில்லையா என்று இந்தியில் திட்டினார். மாதாமாதம் காட்டினோம், மொத்தத்துக்கும் டாக்டரிடம் காட்டினோம் என்று காசிம் சொன்னான். சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதான். வாசலில் ஊற்றிய கஷாயம்தான் திரும்பத் திரும்ப அவன் நினைவுக்கு வந்தது. அது இந்த நோய்க்குக் கேட்டிருக்காது என்று டாக்டரே சொன்னார். அதனால் அவன் மனம் ஆறவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். நீரெல்லாம் வடிந்து எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தாள். சைனப் நேர்ந்துகொண்டபடி அவளுக்கு மொட்டையடித்தாள்.

கழகம் சும்மா விடுமா? தலைமுறைச் செல்வம் ஒரு மாதமாக அளவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் இளைத்துவிட்டாள் என்ற செய்தி செம்பூர் வரைக்கும் போயிருந்தது. ஒரு சனிக்கிழமை பஞ்சாபகேசன் தாராவிக்கு வந்தார். சந்துக்குள் நுழைந்து, சாக்கடைமேல் போட்டிருந்த பலகையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து, பட்டறை வாசலில் நின்றார். காசிம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"தப்பா நினைக்கப்படாது பாய். என்னை அனுப்பியிருக்கா. எடை எங்க போச்சுன்னு எழுதிண்டு வரணுமாம். கோப்பையையும் வாங்கிண்டு வரணுமாம்."

"எடையா? அது அத்தனையும் தண்ணி சார். மூத்திரமாப் போயிட்டு."

பஞ்சாபகேசன் எழுதினார். எங்கே போயிற்று என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல், பம்பாய் நகரசபைச் சாக்கடை என்று போட்டார்.

சைனப் சாயா கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு எடுத்துக் குடித்தார். ராபியா மூலையில் உட்கார்ந்து உப்பில்லாத கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"குழந்தைக்கு ஏன் மொட்டை? ஆஸ்பத்திரியில எடுத்தாளா?"

"நேர்ச்சை சார்" என்றாள் சைனப். "முடிய எறக்கி, அந்த எடைக்கு வெள்ளி குடுத்தோம். இவ வாப்பாவுக்கும் சின்னதுல இப்படித்தான், ஏழாம் நாளு. கால் ரூவா எடை இருந்துச்சுன்னு மாமி சொல்லுவாவ."

பஞ்சாபகேசன் சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நிறுத்தது முடியையா?"

"பின்ன ஆளையா நிறுப்பாங்க?"

அவர் எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "டெல்லிக்குப் போயாச்சு" என்றார். "மூணு கிராம் டெல்லிக்குப் போயாச்சு. இனிமே அதைத் திருப்பி வரவழைக்க முடியாது. முடின்னு நான் போய்ச் சொன்னா, எங்க டாக்டர் நாளைக்கே ஒரு பார்பர் போஸ்ட்டுக்கு சாங்ஷன் வாங்கிடுவார்."

காசிம் கோப்பையைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். ராபியா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்சாபகேசன் கோப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். போகவில்லை.

"பாய், அந்தப் பெரியாஸ்பத்திரியில ராபியாவைப் பார்த்த டாக்டர் பேரென்ன?"

"எதுக்கு சார்?"

"எனக்கு ஒரு பொண்ணு. ஷ்யாமளா. பத்து வயசு. ஸ்டாஃப் குழந்தைகள் எல்லாரும் கட்டாயம் அளவுக்கு வரணும். ஒரு வருஷமா அவளுக்கும் எழுதிண்டு வரேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராபியாவுக்கு நூத்தைம்பதுன்னு எழுதினேன். அதுல பொண்ணு போகப் பார்த்தாள். ஷ்யாமளாவுக்கு நூத்தறுபதுன்னு எழுதிண்டிருக்கேன்."

காசிம் அவரையே பார்த்தான்.

"எது ஜாஸ்தி, எது கம்மின்னு எங்களுக்குச் சொல்லித் தரலை பாய். கட்டத்தை நிரப்பத்தான் சொல்லிக் கொடுத்தா. தலை வலிக்கறதுன்னு சொல்லிண்டுதான் இருக்கா. மாசாமாசம் கழகத்துல பார்க்கறாளே, ஏதாவது இருந்தாச் சொல்லமாட்டாளான்னு நானும் இருந்துட்டேன்."

அது ஆஸ்பத்திரி இல்லை என்று அன்றைக்குப் படியில் சொன்னவர் இவர்தான். காசிம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பட்டறையைப் பூட்டச் சொல்லிச் சைனபுக்குச் சாடை காட்டினான்.

"புள்ள இப்போ எங்க சார் இருக்கு? வீட்டுலயா?"

"இன்னிக்கு ஸ்டாஃப் குழந்தைகளுக்கு அளவு எடுக்கற நாள்" என்றார் பஞ்சாபகேசன். "நானேதான் காலம்பற கூட்டிண்டு போய் விட்டேன். லைன்ல நிக்கறா."